சிக்கரி போட்டால் அடைக்காத மிஷின்

அந்த நாற்காலியில் உட்காராதீங்க சார். அதில் உட்கார்ந்தால் நேராக அந்தத் திரை வைத்த மிஷின்தான் கண்ணில் படும். வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். இப்படி வாங்க, என் பக்கத்தில். இங்கிருந்து பார்த்தால் ரெண்டு மிஷினும் தெரியும், கதவும் தெரியும். ரோஸ்லின் மேடம், அவர்தான் இந்தக் காப்பி மிஷின் கடைக்காரர், சாப்பிடப் போயிருக்கிறார். சாப்பிடத்தான் போனாரா என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்க எதைப் பார்க்க வந்தீங்க? புது வீட்டுக்கா? சரி, சொல்ல வேண்டாம். முதல் தடவை வந்தபோது நானும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. எனக்கு இது ஆறாவது தடவை.

கேட்காமலேயே காப்பி கொடுப்பார்கள். குடியுங்க. ஆனால் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே குடியுங்க. நான் முதல் நாளே கேட்டுவிட்டேன். "ஏனுங்க மேடம், இதுக்கு ஏன் காசு வாங்க மாட்டேங்கறீங்க?"

"குடிச்சுப் பாக்காம எப்படிங்க சார் மிஷின் வாங்குவீங்க?"

"வாங்கலைன்னா?"

"வாங்கலைன்னா குடிச்சது குடிச்சதுதான். வயித்துக்குள்ள கையவிட்டா எடுக்க முடியும்?"

சிரிக்கிறார். சிரிக்கிற வியாபாரியிடம் ரெட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். விலை கூடின மிஷினைக் காட்டினார், சந்தேகப்பட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது வேண்டாங்க சார், லீவர் வெச்சது போதும்" என்று விலை குறைந்ததைக் காட்டினார். இன்னும் சந்தேகமாகிவிட்டது. கூடினதை விற்காமல் குறைந்ததைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்றால் அந்தக் குறைந்ததில் என்ன கோளாறு?

இப்போது ரெண்டையும் பாருங்க. இடது பக்கம் இருப்பது லீவர் மிஷின். ஒரு பாய்லர், அழுத்தம் காட்ட முள் வைத்த ஒரு மீட்டர், ஒரு கைப்பிடி. தூளை அந்தக் கிண்ணத்தில் அமுக்கி மாட்டிக் கைப்பிடியை இழுத்தால் சுடுதண்ணீர் அழுத்தத்தோடு தூளுக்குள் பாயும். ஒன்பதில் முள் நிற்க வேண்டும். வலது பக்கம் இருப்பதில் ரெண்டு பாய்லர். கொட்டையை மேலே கொட்டிவிட்டால் தானே அரைக்கும், தானே அமுக்கும். திரையில் விரல் வைத்தால் மூன்று நிமிஷத்தில் காப்பி. அழுத்தம் ஒன்பது என்று எழுத்தில் வேறு காட்டும். எழுத்தை யார் எழுதினார்கள்? உள்ளே ஏழு இருந்தாலும் ஒன்பது என்று காட்ட ஒரு திரைக்கு என்ன கஷ்டம்? முள் அப்படி இல்லை. முள்ளைத் தள்ளுவது ஆவி. ஆவிக்கு யாரையும் தெரியாது.

நான் பாய்லர் ஆபரேட்டர் சார். சூலூர் தாண்டி ஒரு மில், நூலுக்குச் சாயம் போடுகிற பிரிவு. இருபத்திரண்டு வருஷமாக நைட் ஷிப்ட் மட்டும். ஐ.டி.ஐ. பக்கம்கூடப் போனவனில்லை. விறகு தள்ளுகிற ஆளாகச் சேர்ந்தேன். உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் பாய்லர் புத்தகம் ஒன்று வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்து சர்டிபிகேட் எழுதி வாங்கினவன். எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை.

இந்தக் காப்பிப் பைத்தியம் எப்படி வந்தது என்றால், மூன்று வருஷத்துக்கு முன் சாய மிஷின் பூட்ட ஓர் இத்தாலிக்காரர் மில்லுக்கு வந்திருந்தார். கையால் அமுக்குகிற சின்னக் காப்பிக் குழாய் ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தார். என்னிடம் வந்து சுடுதண்ணீர் கேட்பார். ஒரு நாள் எனக்கும் ஒரு மூடி அளவு கொடுத்தார். சரியான கசப்பு. ஆனால் அந்தக் கசப்பில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை சார். இதுதான் நான், இவ்வளவுதான் என்கிற மாதிரி ஒரு கசப்பு. அன்றைக்குப் பிடித்தது. போன தை மாசம் அம்மா பேரிலிருந்த இடத்தை விற்றதில் என் பங்கு கைக்கு வந்ததும் நேராக இங்கே வந்துவிட்டேன்.

வீட்டில் நானும் பரிமளமும்தான். என் சம்சாரம். பிள்ளை இல்லை. ஏழு மணிக்கு எனக்கு ஷிப்ட் முடியும், ஏழேகாலுக்கு வீட்டில் இருப்பேன். அவளுக்குக் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை, ஏழே முக்காலுக்கு பஸ். நடுவில் இருக்கிற அந்த அரை மணிதான் சார் எங்கள் குடும்பம். அவள் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள், நான் கீழே ஸ்டூலில். ஆளுக்கொரு டம்ளர் காப்பி. அவள் பாமாயில் வரிசையில் நடந்த சண்டையைச் சொல்வாள். நான் என்ன சொல்வேன்? தண்ணீர் கொதித்தது என்று சொல்வேன். அதற்கும் "அப்புறம்?" என்று கேட்பாள். அவள் பஸ்ஸுக்குப் போவாள், நான் படுத்துவிடுவேன்.

தூக்கம் எனக்கு முன்னே பெரிய பிரச்சினையாக இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஜன்னல் பூராவும் கறுப்புத் தாள் ஒட்டினேன். நானே யோசித்துச் செய்தது. அதிலிருந்து படுத்தால் மதியம் மூன்று மணி வரை அசைய மாட்டேன். பகலில் தூங்க முடியாமல் தவிக்கிற நைட் ஷிப்ட் ஆட்கள் எத்தனையோ பேருக்கு இந்தத் தாள் வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தனுக்கும் கேட்கவில்லை. ஒட்டத் தெரியாமல் ஒட்டியிருப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது தடவை வந்தபோது மேடத்திடம் சொன்னேன்: "உங்க கொட்டையில போட்டா உங்க மிஷின் நல்லாத்தான் காட்டும். என் தூளைப் போட்டுக் காட்டுங்க." தூக்குப் போசியில் கொண்டு வந்திருந்தேன். லோகநாதன் கடைத் தூள். பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரே கடை. பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி ஒரு சிட்டிகை கிடையாது. சிக்கரி கலந்த காப்பியை நாக்கில் வைத்தவுடன் சொல்லிவிடுகிற ஆள் நான். கல்யாண வீடுகளில் பந்தியில் வைத்தே சொல்லியிருக்கிறேன், சமையல்காரர் முகத்துக்கு நேரே.

"பில்டர் தூள் கொஞ்சம் கொரகொரன்னு இருக்குங்க சார். தண்ணி சரசரன்னு இறங்கிடும், ருசி வராது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மேடம் லீவரை இழுத்தார்.

இறங்கவில்லை. முள் ஒன்பதைத் தாண்டியது. பத்து. பதினொன்று. நான் எழுந்து நின்றுவிட்டேன், தொழில் பழக்கம். பதிமூன்றில் போய் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. கீழே பார்த்தால் தார் மாதிரி ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு.

"சார், இதுல சிக்கரி இருக்கு. சிக்கரிதான் ஊறி உப்பி இப்படி அடைச்சுக்கும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மிஷின் கோளாறை என் தூள் மேல் போடுகிறார் என்றுதான் நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும் விட்டேன். அந்த அம்மா ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணீர் பிடித்து வந்து மேஜைமேல் வைத்தார். "காப்பித்தூள் மெதக்கும், சிக்கரி முங்கும். உங்க கையாலயே போடுங்க." நானே போட்டேன். அன்றைக்கு இங்கே புது மாப்பிள்ளை பெண் மாதிரி ஒரு ஜோடி வேறு உட்கார்ந்திருந்தது. எல்லோரும் டம்ளரையே பார்க்கிறோம். தூள் பழுப்பாகக் கோடு விட்டுக்கொண்டு இறங்குகிறது சார். இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே மிதந்தது பாதிகூட இல்லை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நேராக லோகநாதன் கடைக்குப் போனேன். வண்டியை நிறுத்தும்போதே கத்திவிட்டேன். அவன் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். "அண்ணா, சத்தம் வேண்டாங்ணா. கடைப் பேரு போயிடும்."

"எத்தனை வருஷமாடா சிக்கரியைத் தள்ளறே?"

"நான் தள்ளலைங்ணா. அக்கா கேக்கறதைத்தான் அரைச்சுத் தர்றேன்."

"எந்த அக்கா?"

"எந்த அக்காவா? உங்க வீட்டு அக்காதான். இப்ப பத்துக்கு ஆறு சிக்கரி. வேண்டாங்க்கா, அண்ணன் கண்டுபிடிச்சிருவாருன்னு நான் ஒவ்வொரு தடவையும் சொல்றதுதான். 'அவரா?'ன்னு கேட்டுச் சிரிப்பாங்க."

முன்னெல்லாம் தூள் வாங்க நான்தான் போவேன். பண்டகசாலையிலிருந்து வருகிற வழி என்று சொல்லி அவள் அதைத் தன் வேலையாக்கிக்கொண்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால். பாருங்க, எவ்வளவு முன்யோசனை!

மறுநாள் ஏழேகாலுக்கு நான் ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"சிக்கரி போடச் சொன்னியா?"

மறைப்பாள் என்று எதிர்பார்த்தேன். காப்பியை ஆற்றிக்கொண்டே, "சொன்னேன்" என்றாள்.

"எத்தனை வருஷமா?"

"நீங்க ஜன்னலுக்குத் தாள் ஒட்டினீங்களே, அந்த வருஷத்திலிருந்து."

"எதுக்கு?"

"தாள் பத்தலை."

அப்புறம் அவளே சொன்னாள். "முதல்ல பத்துக்கு ஒண்ணுதான் போட்டேன். 'இன்னைக்கு டிகாஷன் திக்கா இருக்கே'ன்னு சொன்னீங்க. அடுத்த மாசம் ரெண்டாக்கினேன். 'கடையை மாத்திடாதே'ன்னீங்க. நீங்க மெச்சிக்கிட்டே போனீங்க, நான் ஏத்திக்கிட்டே போனேன். வேற என்ன பண்ணட்டும்? காப்பியக் குறைன்னா கேக்கற ஆளா நீங்க? சிக்கரின்னா தூக்கத்தைக் கெடுக்காது. நாலு நாள் கண்ண மூடாமப் போயி, பாய்லர்ல தண்ணி வத்தினதுகூடத் தெரியாம உக்காந்திருந்தீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா அந்த ரூமே இருந்திருக்காதுன்னு, இதே ஸ்டூல்ல உக்காந்து சொன்னது யாரு?"

அது நடந்தது உண்மைதான் சார். மில்லில் யாருக்கும் தெரியாது, அவளிடம் மட்டும்தான் சொன்னேன். ஒருவரிடம் ஒன்றைச் சொன்னால் அது எங்கே போய் எப்படித் திரும்பி வருகிறது பாருங்க.

நான் நியாயமாக ஒன்று கேட்டேன். ஒன்பது வருஷம் ஒரு மனுஷனுக்குத் தெரியாமல் அவன் டம்ளரில் ஒன்றைக் கலந்து கொடுத்தால், கேட்க வேண்டியதைத்தான் கேட்டேன். "நான் பகல் பூரா பொணமாட்டத் தூங்கினா, உனக்கு அதுல என்ன வசதி?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அது கோபம் இல்லை. என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆற்றின காப்பியைக் கழுவுதொட்டியில் கொட்டினாள். அவள் டம்ளரையும் கொட்டினாள்.

"இனிமே உங்க காப்பிய நீங்களே போட்டுக்குங்க. அப்பத்தான் அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

மறுநாளிலிருந்து ஏழு பத்து பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தாள். நான் தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போது பஸ் எதிரே வரும். ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பாள். திரும்பமாட்டாள். சாயங்காலம் வருவாள், சமைப்பாள், "சோறு இருக்கு" என்பாள். நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். முப்பத்தெட்டு நாள் ஆகிறது.

இப்போது நான் குடிப்பது சுத்தமான காப்பி சார். பக்கத்தில் நின்று வறுக்க வைத்து, கண்முன்னே அரைக்க வைத்து, பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறேன். யாரும் தொட முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்து குடிப்பேன். ருசியா? ருசி இருக்கத்தானே வேண்டும், சுத்தமானதாயிற்றே. தூக்கம்தான் ஒன்றரை மணி, ரெண்டு மணிக்கு மேல் நிற்கவில்லை. தாள் பழசாகிவிட்டது. ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது. மாற்ற வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை மில்லில் தண்ணீர் குறைந்ததற்கான மணி அடித்தது. எனக்குக் கேட்டது. கேட்டது என்றுதான் நான் சொல்கிறேன். கூட வேலை பார்க்கிற மாகாளி, என்னைவிட மூத்தவர், ஓடி வந்து வால்வைத் திறந்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏப்பா, எத்தனை நேரமா மணி அடிக்குது! கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கறியா?" என்றார். சூப்பர்வைசரிடம் சொல்லவில்லையாம். ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அவருடைய கணக்கு என்னவென்று எனக்குப் புரிந்திருக்கும். சொல்லாமல் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்?

எனக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அன்று காலை வண்டியை மெதுவாகத்தான் ஓட்டி வந்தேன். தெருமுனையில் அந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தலாமா என்றுகூட இருந்தது. நிறுத்தி என்ன சொல்வது?

அப்புறம்தான் நேற்று ரோஸ்லின் மேடம் போன் செய்தார். மிஷின் பற்றித்தான் என்று எடுத்தேன்.

"சார், சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் போனாங்க. ஆனா நீங்க அஞ்சு தடவை வந்து என் உசிர எடுத்ததுக்கு, இதைச் சொல்லாம இருந்தா எனக்கே தூக்கம் வராது. உங்க வீட்டம்மா வெள்ளிக்கிழமை இங்க வந்திருந்தாங்க."

பிரிட்ஜ் மேல் நான் வைத்திருந்த இந்தக் கடைப் படத்தாளைப் பார்த்து இடம் கண்டுபிடித்திருக்கிறாள். பாதி நாள் லீவு போட்டுவிட்டு, ரெண்டு பஸ் மாறி. செவ்வாய்க்கிழமை மணி அடிக்கிறது, வெள்ளிக்கிழமை இவள் இங்கே நிற்கிறாள். மாகாளியின் வீட்டுக்காரி எங்கே அரிசி வாங்குகிறாள் தெரியுமா? அந்தப் பண்டகசாலையில்தான். கோடு எப்படிப் போகிறது பாருங்க.

"எதுக்கு வந்தா?"

"எந்த மிஷின்ல சிக்கரி போட்டா அடைக்காதுன்னு கேட்டாங்க சார். பதினோரு வருஷமா கடை நடத்தறேன், இப்படி ஒருத்தர் கேட்டு வந்ததே இல்ல."

கேட்டீங்களா? இன்னும் அடங்கவில்லை. நான் என் காசில் மிஷின் வாங்குவதற்குள் அதில் எப்படிக் கலப்பது என்று கேட்டு வைத்துக்கொள்கிறாள்! என்னோடு பேசுவதில்லை, என் பாய்லரில் எதைப் போடலாம் என்று மட்டும் ஊரெல்லாம் விசாரணை.

இந்த அம்மாவும் சும்மா இருந்தாரா? இல்லை. சிக்கரி அஞ்சில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தால் லீவரில் அடைக்காது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். திரை மிஷினில் கொட்டைதான் போட முடியும், அதில் யாரும் எதையும் கலக்க முடியாது என்று நான் மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அதற்கும் வழி சொல்லியிருக்கிறார். தூக்கத்தைக் கெடுக்கிற சத்தை மட்டும் எடுத்துவிட்ட கொட்டை இருக்கிறதாம். பார்க்க அதே மாதிரி, வாசனையும் அதேதானாம். "அவர் நாக்குக்குத் தெரிஞ்சிருமா?" என்று பரிமளம் கேட்டாளாம். "சாரோட நாக்குக்கா?" என்று இவர் கேட்டாராம். ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்களாம். அதையும் என்னிடமே சொல்கிறார்.

"சிரிச்சாளா?" என்று கேட்டேன்.

"சிரிச்சாங்க சார். அப்புறம் அந்த டெமோ ஸ்டூல்ல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தாங்க. தண்ணி கொடுத்தேன். குடிச்சிட்டுப் போயிட்டாங்க."

ஆக, ரெண்டு மிஷினிலும் ஓட்டை இருக்கிறது சார். எதை வாங்கினாலும் அவளுக்கு வழி தெரியும். நேற்று முழுக்க இதையே யோசித்தேன். வாங்காமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் ஒன்று புரிந்தது. திரை மிஷின் மூன்று நிமிஷம். நான் வருவதற்குள் செய்ய வேண்டியதைச் செய்து மூடி வைத்துவிட்டு ஏழு பத்து பஸ்ஸில் போய்விடுவாள். நான் எதைப் பார்ப்பது? லீவர் அப்படி இல்லை. தூள் மாட்டுகிற அந்தப் பித்தளைத் தலை சூடேறவே இருபத்தைந்து நிமிஷம் பிடிக்கும். அவசரப்படுத்த முடியாது, பாய்லர் தெரிந்தவன் சொல்கிறேன். சுவிட்சையும் நான் வந்துதான் போடுவேன் என்று சொல்லிவிடப் போகிறேன். ஆவி சம்பந்தப்பட்ட விஷயம், சர்டிபிகேட் இல்லாத ஆள் தொடக் கூடாது. ஆக ஏழேகாலுக்குப் போட்டால் ஏழு நாற்பது. கலக்க வேண்டுமென்றால் அது வரைக்கும் அவள் அங்கேயே இருந்தாக வேண்டும். எந்த டப்பாவைத் திறக்கிறாள், எத்தனை ஸ்பூன் அள்ளுகிறாள் என்று நானும் எதிரிலேயே உட்கார்ந்தாக வேண்டும். அவள் ஏழே முக்கால் பஸ்ஸுக்குத்தான் போக முடியும். வேறு வழி கிடையாது.

கலந்தால் என்ன செய்வேன் என்று கேட்கிறீங்களா? கலக்கட்டும். கலக்க விட்டால்தானே சார் பிடிக்க முடியும்? குடிக்கவும் செய்வேன். குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி போய்ப் படுத்துவிடுவேன். முதல் நாளே வாயைத் திறந்தால் இல்லவே இல்லை என்று சாதித்துவிடுவாள். கொஞ்ச நாள் ஆகட்டும். தினமும் எதிரில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வருஷம் ஆகலாம், நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும்கூட ஆகலாம்.

அதோ, மேடம் வந்துவிட்டார். லீவர்தான் சார். நான் விடுவதாக இல்லை.